கடைசித் தேதி

கல்வாவில் ஏறும்போதே கேட்டுவிட வேண்டும்,
எங்கே இறங்குவீங்க?
காட்கோபர் என்றாள் ஜன்னலோரத்துக்காரி.
அந்த இடம் எனக்கென்று கண்ணாலேயே எழுதி வாங்கி
அவள் முழங்காலுக்கு எதிரே நின்றேன்.
ஆறு மாத விடுப்பில் இது மட்டும் மறக்கவில்லை.

பையில் டிபன் டப்பா, பால் எடுக்கும் பம்ப்,
வேலைக்குத் திரும்புவதாக எழுதிய கடிதம்.
அதற்கு அடியில்
நான்காய் மடித்த ஸ்கேன்.

பால் குடிக்கிற வரைக்கும் தரிக்காது என்றார்கள்.
செல்வினும் நானும் நம்பினோம்.
நம்புவதற்கு வசதியாக இருந்தது.
முழுகாமல் இருந்து பெற்றேன்,
பெற்றபின் முழுகாமலே இருந்தேன்,
இதில் எது எங்கே முடிந்து
எது எங்கே தொடங்கியது?
கடைசித் தேதி சொல்லுங்க என்றார் டாக்டர்.
போன வருஷம் ஏப்ரல் என்றேன்.
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு
மெஷினைக் கேட்போம் என்றார்.
மெஷின் பதினோரு வாரம் என்றது.

செல்வினுக்கு ஐரோலியில் இரவு ஷிஃப்ட்.
காலை ஏழுக்கு வாசலில்
வீட்டுச் சாவி மாற்றுவதுபோல் ஜெரினை மாற்றிக்கொள்கிறோம்.
ஸ்கேனைப் பார்த்து முதலில் சிரித்தான்,
பிறகு வீட்டுக்கடன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.
கோபமா என்று கேட்டான்.
கோபமில்லை. தூக்கம் வந்தது.

காட்கோபரில் இடம் கிடைத்தது.
உட்கார்ந்ததும் பால் கட்டி மார் கல்லாய் வலித்தது.
ஜெரினுக்கு இன்னும்
குப்புற விழுந்தால் நிமிரத் தெரியாது.
அதற்குள் அவனிடம் ஒன்று வந்து நின்று கேட்கிறது,
நீ எங்கே இறங்குவே?

பரேல்.
எக்ஸ்ரே அறைக் கதவில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது:
கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லவும்.
ஒன்பது வருஷமாய் அதை வாய்விட்டுக் கேட்பவள் நான்.
மராத்தியில் கேட்பேன், இந்தியில் கேட்பேன்,
தாராவியிலிருந்து யாராவது வந்தால் தமிழில்.
தமிழில் கேட்கும்போது மட்டும்
குரல் தானாகத் தணியும்.
இன்று என்னை யாரும் கேட்கவில்லை.
இளைச்சுட்டியே என்றார்கள்.

ருதுஜா கேக் வாங்கி வைத்திருந்தாள்.
எனக்குப் பதிலாக ஆறு மாதம் நின்றவள்.
ஒப்பந்தத்தில் இன்று அவளுக்குக் கடைசித் தேதி.
ஈய அங்கியின் அறுந்த பட்டையைப்
பச்சை நூலால் தைத்து வைத்திருந்தாள்.
உடம்பில் எவ்வளவு கதிர் பட்டதென்று கணக்கு வைக்கும்
என் பேட்ஜை டிராயரிலிருந்து எடுத்து
துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.

நீட்டிய கை நீட்டியபடி இருக்க
அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றை.
தொழில் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது,
தாயி, கடைசித் தேதி?

மறுபடியுமா என்று யாரும் சொல்லவில்லை.
யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டது.
கேக்கை யார் பெயரில் வெட்டுவதென்று தெரியாமல்
ஓரத்தில் வைத்தார்கள்.
அறைக்குள் வரவேண்டாம், பதிவேட்டு மேஜையில் இருங்க.
எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால்
அடுத்த விடுப்புக்கும் சம்பளம் உண்டு என்றாள் அலுவலகத்துப் பெண்,
விரல்விட்டு எண்ணிக்கொண்டே.

மதியம் கழிப்பறையில் கதவைத் தாழிட்டு
பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே குழாயடியில் ருதுஜா, போனில், அம்மாவிடம்:
இல்லம்மா, போகவேண்டாம் போலிருக்கு,
இன்னும் ஒரு வருஷம்கூட இருக்கலாம்.
சிரிப்பை முழுங்கிய குரல்.
பாவம் அவங்க என்றும் சொன்னாள்,
அதையும் சிரிப்போடுதான்.

இந்தச் செய்தி கேட்டு
முழுசாகச் சந்தோஷப்பட்ட முதல் ஆள்.

பம்ப் கர்ரென்று இரைந்தது.
அவள் பேசி முடிக்கட்டும் என்று
நிறுத்தி வைத்தேன்.
பால் நிற்கவில்லை,
அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.