சிதறல் கணக்கு

லாரி மூன்றாம் நாள் வந்தது.
வந்தது என்று சொல்லக் கூடாது,
மண் சரிந்த வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
இந்தப் பக்கம் ஒரு பிக்கப்.
இரண்டுக்கும் நடுவே எட்டுப் பேர் தோள்.

பதினைந்து மூட்டை.
ஐம்பது கிலோ என்று அச்சடித்த சாக்கு
என் தராசில் ஏறினால் நாற்பத்தெட்டரை.
மழை குடித்த இரண்டு மட்டும் ஐம்பத்தொன்று காட்டின.
அவற்றை உலர்ந்த மூட்டைகளுக்குள் கலந்தேன்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பத்து கிலோ புழுங்கல்,
துவரை ஒன்று, மண்ணெண்ணெய் ஒரு லிட்டர்.
யார் பாதிக்கப்பட்டவர் என்று
கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்திருந்தார்:
எழுபத்துநான்கு பெயர்.
கூரை போனவர்கள், சுவர் போனவர்கள்.
எஸ்டேட் மூடி நாள்கூலி போனவர்களுக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

மஞ்சூரிலிருந்து கரண்ட் வரவில்லை.
மெஷினில் பேட்டரி இரண்டு கோடு.
சிக்னல் மாதா கோயில் மேட்டில்தான்.
ஆகவே கடையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன்,
வரிசை குடையோடு பின்னால் ஏறியது.
அரிசி மட்டும் கீழே காத்திருந்தது.

கொழுந்து கிள்ளும் விரலில் ரேகை தங்காது.
யோகராணி கட்டைவிரல் வைத்தாள்.
மீண்டும் முயலவும்.
சேலையில் துடைத்தாள், தலையில் தடவி எண்ணெய் தொட்டாள்,
மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும்,
எட்டாவது விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.
"இந்த வெரலாவது நாந்தான்னு ஒத்துக்கிச்சே."
வரிசை சிரித்தது. நானும்.
பேட்டரி ஒரு கோடு.

போஜன் மேட்டுக்கு வந்தார், விரல் வைத்தார்,
கீழே எடை போடும்போது காணோம்.
கேரட் நிலம் முழுக்க ஓடையில் போனவர்.
எதிரே மூடிய பேக்கரி ஷட்டரடியில்
வேறெதற்கோ நிற்பதுபோல நின்றார்.
கூட்டம் கரைந்தபின் வந்து
பை கொண்டுவரவில்லை என்றார்.
காலிச் சாக்கு ஒன்று கொடுத்தேன்.
அதற்கும் கணக்கு உண்டு.

எடை பற்றிச் சொல்லிவிடுகிறேன்.
மூட்டையில் குறைவதைப் பத்தில் குறைப்போம்,
ஆளுக்கு நூறு கிராம்,
எந்த விற்பனையாளரைக் கேட்டாலும் மறுப்பார்.
அன்று நான் கால் கிலோ குறைத்தேன்.
மிச்சத்துக்கு என்ன நினைத்திருந்தேன் என்பதை
இங்கே எழுதவில்லை.
யோகராணி முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பையின் வாயைக் கட்டினாள்.

சுக்மனி காலையிலிருந்தே நின்றிருந்தாள்.
லைன் வீடு ஒன்பது, ஊர் ஜார்க்கண்ட்,
கார்டு அங்கே மாமியார் பெட்டியில்.
'ஒரே நாடு ஒரே கார்டு' என்று
என் கடைச் சுவரில் தாள் இருக்கிறது, ஒட்டியவன் நான்.
ஆனால் அது ரேஷன், இது நிவாரணம்,
இதற்குப் பட்டியலில் பெயர் வேண்டும் என்று
இந்தியில் சொல்ல எனக்கு வராது.
தமிழிலும் வரவில்லை.
இடுப்பில் பிள்ளை தூங்கியது.
அவள் ஒன்றும் கேட்கவில்லை,
எட்டாக மடித்திருந்த ஜவுளிக்கடைப் பையை
ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள்.

முள் பத்தில் நிற்கும்வரை போட்டேன்.
கால் கிலோ குறைக்கவில்லை.
எழுபத்துநான்கு வீடும் தெரியாமல் கொடுத்த அரிசி,
ஒரு வீடு தெரிந்தே கொடுத்தது.
பதிவேட்டில் எலிக்கும் ஈரத்துக்கும் கொக்கிக் கிழிசலுக்கும்
ஒரே ஒரு பத்தி உண்டு.
எழுதினேன்: சிதறல், பத்து கிலோ.

அடுத்த மாதம் ஆய்வுக்கு வந்தவர்
பேனாவை அந்த இடத்திலேயே வைத்துக் கேட்டார்:
"பத்து கிலோ எங்கய்யா சிதறிச்சு?"
வழியில் சார்.
"சரியா பத்தா?"
மழை சார்.

கிலோவுக்கு இருபத்தைந்து வீதம்
சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஒப்புக்கொண்டதற்கு ரேகை வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன்.
முதல் தடவையே பச்சை.