முப்பது விநாடி

இயக்குநர் பெத்தனி கேட்டது கடவுளைப் பற்றி.
எஸல் டாரன்ட் சொன்னது சீவாளியைப் பற்றி:
பெட்டிக்குப் பத்து, தேறுவது இரண்டு,
மிச்ச எட்டும் செடிக்கு முட்டுக்கொடுக்க.
ஜன்னலோரம் ஜெரானியம் அப்படித்தான் நின்றது,
ஊதப்படாத சாக்ஸபோன் நாக்குகளில் சாய்ந்து.

கிளீவ்லாண்ட், பிப்ரவரி.
ஏரிக்காற்று, துண்டைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தும் அடங்கவில்லை.
நான் ஒலிப்பதிவாளர். முகம் பார்ப்பது என் வேலையில்லை.
காதில் ஹெட்போன், கையில் நீளக் கோலில் மைக்.
ஒரு பதிலுக்கு முன்னால் அவர் எச்சில் விழுங்குவது
அறையில் எனக்கு மட்டும் கேட்கும்.

ஜெபம் செய்வீர்களா?
"செய்வேன், கடைசி பஸ்ஸில்.
முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், ராத்திரி ஷிப்ட்.
ரத்தக்கறை பச்சைத்தண்ணீரில்தான் போகும், தெரியுமா?
சுடுநீர் பட்டால் தங்கிவிடும்."
பெத்தனி தலையாட்டினாள்,
இது படத்துக்கு ஆகாது என்கிற தலையாட்டல்.

அப்பா தேவாலயத்தில் டீக்கன்.
சாக்ஸபோன் வந்த அன்று அதன் பெட்டியை
பிணப்பெட்டி போல வாசலுக்கு வெளியே வைத்தார்களாம்.
இப்போது ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் எஸல்.
ஒருமுறைகூட அங்கே வாசித்ததில்லை.
ஏன்?
"ஆர்கன் இருக்கிறதே."

வெளிவந்தது ஒரே இசைத்தட்டு, எண்பத்தைந்தில்.
அட்டையில் அவர் பெயரிலேயே ஓர் எழுத்துப் பிழை.
இரண்டாம் பக்கத்தில் நீளமாக இழுத்த ஒரு சுரத்தை
'சுருதி பிசகு' என்று எழுதினார் ஒரு விமர்சகர்.
பத்திரிகைத் துணுக்கு வாத்தியப் பெட்டியில், வெல்வெட்டுக்கு அடியில்.
கோபமா என்றால், "சரியாகக் கேட்டிருக்கிறார்" என்கிறார்.

எந்த அறையிலும் படப்பிடிப்பு முடிந்ததும்
முப்பது விநாடி யாரும் அசையக்கூடாது.
வெறும் அறையை நான் பதிவு செய்ய வேண்டும்,
வெட்டிய இடங்களுக்கு ஒட்டுப்போட.
சமையலறையில் அப்படி நின்றோம்.
பெத்தனி கடிகாரத்தைப் பார்த்தாள்,
கேமராக்காரன் கூரையை.
எஸல் கண்ணை மூடினார்.

முடிந்தது. விளக்கை அணைத்தார்கள். அவர் எழவில்லை.
"கேட்டதா?" என்றார் என்னிடம்.
ஃப்ரிட்ஜ், என்றேன்.
"என்ன சுரம்?"
முன்னறைப் பியானோவில் தேடினேன்.
பி-ஃப்ளாட், கீழே விழுந்தது.
பி, மேலே போய்விட்டது.
இரண்டு கட்டைக்கும் நடுவில் தூசிதான்.
அந்தத் தூசியில் இருந்தது அது.

"ஓவெட்டாவின் ஆக்ஸிஜன் மெஷினும் இதே சுரம்.
பதினாலு மாதம், கட்டிலோரம்.
எதிர்த்து வாசித்தால் தூங்கமாட்டாள்.
மேலே ஏறினால் இருமுவாள்.
உதட்டைத் தளர்த்தி, உள்ளேயே போய்,
எது மெஷின் எது நான் என்று எனக்கே தெரியாத இடத்தில்
நிறுத்திப் பிடித்தால்
கண் அசருவாள்.
மெஷினைத் திருப்பிக் கொண்டுபோன அன்று
வீட்டில் சுருதி இல்லை.
இந்த ஃப்ரிட்ஜ் மட்டும் விட்டு விட்டு.
அடுத்த வருஷம்தான் அந்தத் தட்டு."

கேமரா பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.
என் இடுப்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
அவர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.
"பேச்சை அழித்துவிடு.
முப்பது விநாடியை வைத்துக்கொள்."

அழித்தேன்.
இங்கே எழுதுவது அதில் சேராது என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
முழுதாக நம்பவில்லை.

படம் எழுபத்தெட்டு நிமிடம்.
முதல் காட்சி தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்,
மடக்கு நாற்காலிகள், காகிதக் கோப்பையில் காபி.
முடிந்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்,
அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை?
பெத்தனி ஏதோ சொன்னாள், நீளமாக.

ஒட்டுப்போட்ட இடத்தில் எல்லாம் அந்தச் சமையலறை இருந்தது.
மருமகன் பேசும்போது அடியில்,
பனியில் பஸ் போகும்போது அடியில்,
விமர்சகரின் வரியை யாரோ வாசிக்கும்போதும் அடியில்.
பெத்தனிக்கே தெரியாது.

கடைசி வரிசையில் எஸல்.
திரை எப்போதோ அணைந்துவிட்டது.
மூலையில் காபி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
அவர் உதடு லேசாகத் தளர்ந்திருந்தது.