விளக்குப் பொறுப்பு

இந்த வருடம் எனக்கு விழுந்தது விளக்குப் பொறுப்பு.
போன வருடம் சூப்.
சூப்புக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை.

பிப்ரவரி, அமாவாசையை ஒட்டி மூன்று இரவுகள்.
வேல்ஸின் இந்த மடிப்பில் நூற்றிப் பன்னிரண்டு வீடுகள்,
ஒரு மதுக்கடை, ஒரு தேவாலயம், ஒரு பெட்ரோல் பங்க்.
கதவு கதவாகத் தட்டிச் சொன்னேன்:
எட்டு மணிக்கு மேல் திரையை இழுத்துவிடுங்கள்,
வாசல் பல்பு வேண்டாம்,
வெளியே வந்தால் சிவப்பு டார்ச் மட்டும்.
இருட்டுக்குப் பழகக் கண் அரைமணி கேட்கும்.
ஒரு வெள்ளைப் பளிச் போதும்,
மறுபடி முதலிலிருந்து.

ஹெஃபின் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை.
தபால் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
என் நாய், அவன் ஆட்டுக்குட்டிகள்.
மூன்று.

முதல் இரவு மழை.
இரண்டாம் இரவு மழையும் ஒரு பேராசிரியரும்.
நாங்கள் பார்க்க முடியாததையெல்லாம்
தேவாலயக் கூடத்துச் சுவரில் போட்டுக் காட்டினார்.
கடக ராசியின் நடுவில் ஒரு மங்கல், பூசம்;
பழைய ஆட்கள் அதைத் தீவனத் தொட்டி என்றார்களாம்.
நேராகப் பார்த்தால் நழுவும்,
சற்றே தள்ளிப் பார்க்க வேண்டும் என்றார்.
நெஸ்ட் சுட்டுவந்த கேக் தீர்ந்ததும்
கூட்டமும் தீர்ந்தது.

மூன்றாம் இரவு, ஏழரை இருக்கும்,
பானை மூடியை யாரோ எடுத்த மாதிரி வானம்.
மேட்டில் எண்பது பேர்.
உறைபனிப் புல் செருப்படியில் நொறுங்க,
சத்தத்துக்கும் வெளிச்சம் உண்டு என்பதுபோல்
குரலைத் தணித்துக்கொண்டார்கள்.
தொலைநோக்கியில் குனிந்த ஒரு பெண்
நிமிரவே இல்லை,
பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக.

அப்போது கீழே, ஹெஃபின் கொட்டகையில்,
வெள்ளையாக ஒரு விளக்கு.

இருட்டில் முகம் தெரியாது.
ஆனாலும் எண்பது பேரும்
என்னைத்தான் பார்த்தார்கள்.

இறங்கினேன்.
வேலி தாண்டி, சேறு தாண்டி,
சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தபடி.

முழங்கைவரை ஆட்டுக்குள் இருந்தது அவன் கை.
"தெரியும், திருவிழா," என்றான் திரும்பாமல்.
"பத்து நாள் முன்னாடியே வந்துட்டாள்.
அணைச்சுட்டு உன் டார்ச்சைக் காட்டு."

அணைத்தேன். காட்டினேன்.
வைக்கோல் சிவப்பு, கம்பளி சிவப்பு, அவன் கை சிவப்பு.
ஈரம் மட்டும் பளபளத்தது.
பனிக்குடத் தண்ணீரா ரத்தமா?
சிவப்பில் சிவப்பு காணாமல் போகும் என்பது
எங்கள் துண்டுச்சீட்டில் இல்லை.
"எவ்வளவு போகுது?" என்றான்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
தெரியவில்லைதான்.

சுவிட்ச் என் தோளுக்குப் பக்கத்தில்.
மேட்டில் எண்பது ஜோடிக் கண்கள்,
பழகி முடித்த கண்கள்.
நானே போட்டேன்.

ரத்தம், நிறைய.
ஆட்டின் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
அவள் மூச்சில் புளித்த புல்.
முதல் குட்டி அசையவில்லை.
இரண்டாவதைப் பின்னங்காலில் தூக்கி
ஊஞ்சல் மாதிரி வீசினான், ஒருமுறை, இன்னொருமுறை,
தும்மியது.

மேட்டிலிருந்து கார்கள் இறங்கும் சத்தம் கேட்டது.
கமிட்டிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன்.
பிறகு யோசிக்கவில்லை.

விளக்கை அவன் அணைத்தான்.
முற்றத்துக்கு வந்தோம், இரண்டு குருடர்கள்,
ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.
"அரைமணி ஆகும்," என்றேன்.
"படிச்சேன்," என்றான், "சீட்டில்."

முதலில் பெரியவை மட்டும்.
பிறகு அவற்றுக்கு நடுவே இருந்தவை.
கைகழுவாத விரல்கள் குளிரில் ஒட்டிக்கொண்டன.
இருபதாவது நிமிடமோ என்னவோ,
"நாய்?" என்றான்.
"கட்டித்தான் இருக்கு."

உள்ளே குட்டி
எதையோ தேடி முட்டுகிற சத்தம்.
தீவனத் தொட்டியைத் தேடினேன்.
நேராகப் பார்க்காமல்,
அவன் நின்ற பக்கமாகச் சற்றே தள்ளி.