மீதி

இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள்.
சமையல்காரிக்கு இது தொந்தரவான எண்.
ஐந்து மேசை போட்டால் ஒருத்தி நிற்கிறாள்.
ஆறு போட்டாலும் ஒருத்தி நிற்கிறாள்.
எல்லாரும் ஒரே நீள வரிசையில் உட்கார வேண்டும்,
இல்லையேல் ஆளுக்கொரு மேசை.

கொதிகலன் பார்க்கும் ரவுனோவிடம் முறையிட்டேன்.
"அது பகா எண். விட்டுவிடு" என்றான்,
யாரோ ஒரு சித்தப்பாவின் பிடிவாதத்தைச் சொல்வதுபோல.

கீழே அவன் அறையில்
நகராட்சி கழித்துப்போட்ட கணினி ஒன்று.
அதன் முதுகுச் சூட்டுக்கு நேரே கம்பி கட்டி
பிள்ளைகளின் ஈரக் கையுறைகளை உலர்த்துகிறோம்.
சல்லாவில் பனிக்காலம் முழுக்கக் கையுறைகள் ஈரம்தான்.

அக்டோபரிலிருந்து அது ஒரே எண்ணைத்தான் மென்றுகொண்டிருக்கிறது:
இரண்டை இரண்டாலேயே
பதின்மூன்று கோடித் தடவைக்கு மேல் பெருக்கி
ஒன்றைக் கழித்தால் வருவது.
நம் எழுத்தில் நான்கு கோடி இலக்கம்.
கணினியின் எழுத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று.
இடையில் ஒரு பூஜ்ஜியம் கிடையாது.
கலைமான் வேலி ரஷ்ய எல்லை வரை போகிறதே, அப்படி.

சோதனை எளிதாம். என் மேசை மாவில் விரலால் போட்டுக் காட்டினான்,
என் முப்பத்தொன்றை வைத்தே.
நான்கில் தொடங்கு.
அதை அதனால் பெருக்கி இரண்டைக் கழி: பதினான்கு.
மறுபடி: நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
முப்பத்தொன்று முப்பத்தொன்றாக எடுத்துவிடு, எட்டு நிற்கும்.
மறுபடி: அறுபத்திரண்டு.
எடுத்துவிடு.
ஒன்றும் நிற்கவில்லை.
கடைசியில் ஒன்றுமே நிற்காவிட்டால்
அந்த எண் யாருக்கும் பங்கு தராது.
எனக்கு மூன்றே படி. அவனுக்குப் பதின்மூன்று கோடி.

ஜனவரியில் சைமியின் அப்பாவுக்கு ரொவனியெமியில் வேலை கிடைத்தது.
முப்பது பேர்.
ஐந்தாறாக உட்காரலாம், பத்துப் பத்தாக உட்காரலாம்,
இரண்டிரண்டாகக்கூட.
எண் இளகிவிட்டது.
மேசைகளை ஓசைப்படாமல் பிரித்துப் போட்டேன்.

ஏப்ரலில் ஒரு காலை, திரையில் மீதி.
பூஜ்ஜியம் இல்லை. ஏதேதோ எழுத்தும் எண்ணும்.
"உடைகிற எண்தான்" என்றான் ரவுனோ.
எதால் உடையும்?
"அதை இந்தச் சோதனை சொல்லாது.
உடையும் என்பது நிச்சயம். எங்கே என்று
யாருக்கும் தெரியாமலே போகலாம்."

ஓஸ்மோ என்னை விட்டுப் போன பிறகு
பதினோரு வருஷம் நான் உட்கார்ந்து போட்ட கணக்கு இதுதான்.
ரவுனோவிடம் சொல்லவில்லை. காபி ஊற்றினேன்.

அவன் அடுத்த எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.
ஏழு மாதத்துக்கு வருத்தப்பட ஏழு நிமிடம்கூட எடுக்கவில்லை.
விசிறி சுழலத் தொடங்கியது. சூடு ஏறியது.

கம்பியில் ஒரே ஒரு கையுறை.
பச்சை. இடது கை.
காய்ந்து மூன்று மாதமாகிறது.
நாங்கள் இருவரும் அதை எடுப்பதில்லை.