பூஜ்யம் புள்ளி நாலு

அதன் எண் பூஜ்யத்தில் தொடங்கியது.
ஒன்றுக்கு இன்னும் வந்து சேராத பொருள்.
"நிஜ வேலைக்கு எடுக்காதீர்கள், செய்துகொண்டிருக்கிறேன்"
என்று முதல் வரியிலேயே எழுதிவைத்திருந்தான்
முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்.
நான் இரண்டாம் வரியிலிருந்து படித்தேன்.

வேறென்ன செய்ய,
பொங்கலுக்கு ஒன்பது நாள்.
சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குத் திரையில் பஸ் படம் வேண்டும்,
விரல் பட்டால் இருக்கை சிவக்க வேண்டும்.
நானே எழுதினால் ஒரு மாதம்.
இதுவோ ஒரே வரியில் ஒட்டிக்கொண்டது,
முருகன்குறிச்சி மாடி அறையில்
கரண்ட் போய் வந்த ஒரு மதியம்.

பொங்கல்வரை ஒரு புகார் இல்லை.
அப்போதே பயந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.
சால்னா ஊற்றிப் பரோட்டா தின்றுவிட்டு
நன்றாகத் தூங்கினேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் இரவு, வேய்ந்தான்குளம்.
வண்டி எடுக்கப் பத்து நிமிடம்.
பதினேழாம் இருக்கையில் சேர்மக்கனி,
மடியில் பனங்கிழங்கு துருத்தும் கட்டைப்பை.
அவள்முன் போனை நீட்டியபடி மோயீசன்.
அவருக்கும் பதினேழு. அவருக்கும் பச்சை டிக்.
ராத்திரி பதினொன்று நாற்பத்திரண்டு, எட்டாவது நொடியில்
இருவரும் தொட்டிருக்கிறார்கள்.
அந்த நொடிக்கு அவன் இன்னும் கதவு வைக்கவில்லை;
பிறகு செய்யவேண்டியவற்றில் மூன்றாவதாக
அதை எழுதியும் வைத்திருக்கிறான்.

"சிஸ்டம் கோளாறு" என்றார் அண்ணாச்சி, என்னைப் பார்க்காமல்.
"எவம்ல இத எழுதுனது?" கூட்டத்தில் ஒரு குரல்.

எவன் எழுதியது?
எங்கோ பனி கொட்டும் ஊரில்
சம்பளமில்லாமல் ஒருவன், பிள்ளை தூங்கியபின்.
கடைசியாக அவன் விட்டுப்போன குறிப்பு:
அரைகுறை, நாளை பார்க்கலாம்.
அவன் பொய் சொல்லவில்லை.
பொய் சொன்னது நான், பச்சை டிக் போட்டு.

கிளீனர் பலவேசம் தன் பலகையைத் துண்டால் தட்டி
மோயீசனை உட்காரவைத்தான்.
"மருத வரைக்கும் நான் நின்னுக்கிடுதேன்."
வண்டி போய்விட்டது.

விடிவதற்குள் பதினோரு வரி எழுதினேன்,
முதலில் தொடுபவர் பின்னால் விழும் தாழ்ப்பாள்.
அவனுக்கும் அனுப்பினேன்.
இருபது நாள் கழித்துச் சேர்த்துக்கொண்டான்.
நன்றிகூட இல்லை, ஒரு கட்டைவிரல் படம்.
இப்போது பூஜ்யம் புள்ளி நாலு புள்ளி ஒன்று.

"இனி தப்பு வராதுல்லா?" என்றார் அண்ணாச்சி.
வராது என்பது வாய்வரை வந்தது.
"வெள்ளிக்கிழம ராத்திரி ஸ்டாண்டுல நிப்பேன் அண்ணாச்சி."

நிற்கிறேன்.
பதினேழில் யார் உட்கார்ந்தாலும்
பலவேசம் ஒருமுறை
என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.