இகரம்

லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது.
அதனால் முன்னால் ஓர் இகரம் பூசி
இலிதியம் என்று பாடப்புத்தகத்தில் போட்டார்கள்.
இந்த உலோகத்துக்கு முதற்பூச்சு இட்டது
நாங்கள் அல்ல,
இலக்கணம்.

அறிவியல் நகர். கார்த்திகை மாதம்.
இரணைமடுவின் வான்கதவுகளை நேற்றிரவு திறந்துவிட்டார்கள்.
ஆய்வுகூடச் சுவரில் ஈரப்பதமானி
தொண்ணூற்றிரண்டு என்கிறது.
சுகிர்தன் விரலால் தட்டிப் பார்க்கிறான்,
தட்டினால் குறையுமாப்போல.

பெட்டிக்குள் ஆகன் வாயு.
கறுத்த ரப்பர்க் கைகளுக்குள் என் கைகளை நுழைத்து
இலிதியத்தைச் சீவுகிறேன்.
மாஜரின் மாதிரி வெட்டுப்படும்.
வெட்டிய முகத்தில் அப்படியொரு வெளிச்சம்;
வெளியே எடுத்தால்
தேத்தண்ணி ஆறுமுன் கறுத்துவிடும்.
எங்கள் காற்றைப் பற்றி அதற்கு
நல்ல அபிப்பிராயம் இல்லை.

புரோத்தன் வந்து இதில் மோதவேண்டும்.
மோதினால் நியூத்திரன் தெறிக்கும்,
வேறொரு நாட்டில், வேறொரு மண்டபத்தில்,
யாரோ ஒருவரின் கழுத்துக் கட்டியை நோக்கி.
அந்த இயந்திரத்தை நான் படத்தில்தான் பார்த்தேன்.
எங்களிடம் இருப்பது பூச்சுப் பூசும் பழைய வெற்றிடக் கலன்,
இருமும் பம்பி.

பூச்சுத் தடித்தால் புரோத்தன் களைத்துப்போகும்.
மெலிந்தால் நீராவி உள்ளே வரும்.
ஒரு தலைமயிரை முந்நூறாய்க் கிழி,
அதில் ஒரு கிழிசல்:
எங்களுக்குத் தந்த இடம் அவ்வளவுதான்.

பதினேழாம் மாதிரி: பாதியில் கரண்ட் போனது.
இருபத்துமூன்று: ஊசித்துளை.
முதலில் இலையான் எச்சம்போல் ஒரு புள்ளி,
அரைமணியில் அது ஒரு தீவு,
மத்தியானம் முழுவதும் சாம்பல்.
"ஒரு ஓட்டை காணும் மிஸ்.
தறப்பாளுக்கும் அப்பிடித்தானே"
என்றான் சுகிர்தன்.
பிறகு இருவரும் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.

போன வருசம் வவுனியா ஆஸ்பத்திரியில்
என் முதுகின் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் காட்டினார்:
வலது தோட்பட்டைக்குக் கீழே
புளியங்கொட்டையளவு வெள்ளை.
"பயமில்லை. உடம்பு அதைச் சுற்றித் தோல் கட்டிவிட்டது.
எடுக்கப்போனால்தான் கரைச்சல்."
எத்தனை மைக்ரோன் என்று கேட்டேன்.
அவர் சிரித்தார்.
நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

எந்தக் கலனில், எந்த அழுத்தத்தில்,
எத்தனை நாளில் பூசியது?
ஒன்பது வயது உடம்பு.
வெற்றிடமும் இல்லை, ஆகனும் இல்லை.
குறிப்புப் புத்தகமும் இல்லை.

முப்பத்தொன்றைப் பூசி முடிக்க இரவு பதினொரு மணி.
யன்னலைத் திறந்து
மழைக்காற்றிலேயே வைத்துவிட்டுப் போனோம்,
பந்தயம் கட்டியவர்கள்போல.
விடிய வந்து பார்த்தால்
இடது ஓரத்தில் நகக்கண் அளவு கறுப்பு.
மிச்சமெல்லாம் மின்னியது.
சுகிர்தன் கத்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு
அதன் முன்னால் இருந்தான்.
நான் எழுதினேன்: ஏழு மணி, நாற்பது நிமிடம்,
ஈரப்பதம் தொண்ணூற்றைந்து.

அதேபோல இன்னொன்று செய்து, வெற்றுறையில் அடைத்து,
கொழும்புக்குக் கொண்டுபோகிறேன்.
அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி:
தண்ணீர் பட்டால் எரியுமா?
ஆம் என்பதில் புள்ளடி போட்டேன்.

ஓமந்தையில் இப்போது யாரும் மறிப்பதில்லை.
ஆனாலும் அந்த இடம் வரும்போது
என் கை தானாகப் பையின் சிப்பைத் தேடும்.
மழை. பஸ்ஸின் சட்டர் மூடவில்லை.
"என்னக்கா பெட்டியில?" என்றான் கொண்டக்டர் பெடியன்.
"தண்ணி படக்கூடாத ஒண்டு."

அவன் ரிக்கற் புத்தகத்தைச் சுற்றியிருந்த
பொலித்தீனைக் கழற்றி
என் மடிப்பெட்டியில் இரண்டு சுற்றுச் சுற்றி
றப்பர் பாண்ட் போட்டான்.
புத்தகத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு
பின்னால் போனான்,
மிச்சக்காசு தராமல்.