கடைசி இலக்கம்

ஜமாலியா நிறுத்தத்தில், மின்பெட்டியின் மேல்,
மூலம் பௌத்திரம் சுவரொட்டிக்கு அடியிலிருந்து
எட்டிப் பார்த்தது அந்தத் தாள்.
குடியை நிறுத்த விருப்பமா, கூப்பிடுங்கள்.
ஒன்பது இலக்கம் இருந்தது.
பத்தாவதை மாடு தின்றிருக்க வேண்டும்,
இல்லை, என்னைப் போல ஒருவன்
கிழித்துச் சட்டைப்பையில் போட்டு மறந்திருப்பான்.

ரயில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிறவன் நான்.
போன மாதம் என் எட்டு ஒன்று
இடுப்பொடிந்து சாய்ந்ததைப் பார்த்துவிட்டு
ஃபோர்மேன் திட்டவில்லை.
பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு உப்புத்தாளைக் கொடுத்தார்.
துரு தேய்க்கக் கை நடுங்கினால் நல்லதுதான்,
வேலை சீக்கிரம் ஆகும்.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.
பூஜ்யம் உபயோகத்தில் இல்லை.
ஒன்று, மாதவரத்தில் பந்தல் காண்ட்ராக்டர்.
எத்தனை சேர் வேணும், என்றார்.
மூன்றில் ஒரு பெண் குரல்,
நான் வாய் திறப்பதற்குள்
"எங்க இருக்க? முதல்ல வீட்டுக்கு வா,
யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."
வைத்துவிட்டேன்.
அன்றிரவு வெகுநேரம்
யாரோ ஒருவன் வீட்டுக்குப் போகாமலிருந்தான்,
அவனுக்காகவும் குடித்தேன்.

மறுநாள் மழை. கடை வரை நடக்கச் சோம்பல்.
மீதி எண்களை அழுத்தியதற்கு
அதைத் தவிர காரணம் கிடையாது.
பெரிய மனமாற்றம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

ஏழில் ஒருவர் எடுத்தார்.
"சொல்லுங்க."
நான் சொல்லவில்லை.
அவருக்குப் பின்னால் குக்கர் ஒரு விசில் விட்டது.
இரண்டாவதும் கேட்டது.
மூன்றாவதுக்கு யாரோ எழுந்து போய் அடுப்பை அணைத்தார்கள்.
அவர் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
செம்பியத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் பள்ளிக்கூடம்.
கேட்டை மூன்று முறை தாண்டிப் போனேன்.
நாலாவது முறை வாட்ச்மேன்,
"டியூஷனா, மீட்டிங்கா?"
டியூஷன், என்றேன், நாற்பத்தாறு வயதில்.
சிரிக்காமல் மாடியைக் காட்டினார்.

மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு.
உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும் பெஞ்சுகள்.
கரும்பலகையில் அழிக்காத வகுத்தல் கணக்கு,
மீதி ஒன்று.
டீ ஊற்றிய பையன்
எனக்கு மட்டும் அரைக் கப் கொடுத்தான்.
கஞ்சப்பயல் என்று நினைத்தேன்.
வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் தெரிந்தது,
சட்டையில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

ஜெயசீலி என்று ஒருத்தி,
வங்கியில் வேலை,
துவைக்கிற பக்கெட்டில் துணிக்கடியில்
பாட்டில் ஒளித்ததைச் சொன்னாள்.
நான் தண்ணீர்த் தொட்டிக்காரன்.
பக்கெட் நல்ல யோசனையாச்சே
என்று முதலில் நினைத்தேன்.
வெட்கம் கொஞ்சம் தாமதமாக வந்தது,
வந்தது.

என் முறை.
எத்திராஜுலு, என்றேன்.
நண்பன் ஒருத்தனுக்காக விசாரிக்க வந்தேன்.
விசிறி சுற்றியது.
"அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க,"
என்றார் மூன்றாவது பெஞ்சிலிருந்து
குக்கர் வீட்டுக்காரர்.
கண்ணாடி, கால் செருப்பு, சாதாரண ஆள்.

எட்டரைக்கு முடிந்தது.
கடை பத்து வரை.
நடுவிலிருக்கும் ஒன்றரை மணி நேரத்தை என்ன செய்வதென்று
நானும் கேட்கவில்லை.
பெரம்பூர் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தேன்.
ஆவடி வண்டி போனது, திருவள்ளூர் வண்டி போனது.
பெட்டி நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தேன்,
என் கையெழுத்து ஏதாவது வருமா என்று.

ஒன்பது ஐம்பதுக்கு
என்னைக் கேட்காமல் கால் எழுந்து நின்றது.
போனை எடுத்தேன்.
ஏழு. இனிமேல் தேட வேண்டியதில்லை.
"சொல்லுங்க."
சொல்ல ஒன்றுமில்லை.
தெருவுக்கு அந்தப் பக்கம் கடை விளக்கு
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
"சாப்ட்டீங்களா?"
இல்லை, என்றேன்.
"உங்க நண்பர்?"

அவனும் இன்னும் சாப்பிடவில்லை, என்றேன்.